முகமூடி அணிந்த காவலர்

இரண்டாம் ஆண்டு மாணவன், இளம் அறிவியல், இயற்பியல் துறை

வீரம் என்றால் என்ன? மார்பில் வேல் தாங்கியவனே வீரன் என்று பள்ளிப் பருவத்திலேயே படித்துவிட்டோம். முகத்தில் தழும்பு இருந்தால் பெருமை. உடம்பைக் காத்துக்கொண்டால் கோழைத்தனம். இந்த எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பனி மூடிய கனடா நாட்டிலும் இது பல ஆண்டுகள் ஆட்சி செய்தது. அதை எதிர்த்து ஒரு மனிதர் தனியாக நின்றார். அவர் அரசியல்வாதி அல்லர், விஞ்ஞானியும் அல்லர். ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் கோல் காத்தவர். பெயர் ஜாக் பிளான்ட்.

எங்கள் கல்லூரி நூலகத்தில் விளையாட்டு வரலாற்று நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய படத்தைக் கண்டேன். கண்ணுக்கு இரண்டு துளை, வாய்க்கு ஒரு துளை. மற்றபடி முகமே இல்லாதது போன்ற ஒரு முகமூடி. பார்த்ததும் சிரிப்பு வந்தது. அவருடைய வரலாற்றைப் படித்து முடித்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. என் தந்தையாரின் இடது கண் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி இறுதியில் கூறுகிறேன்.

ஆட்டமும் காவலும்

நம்மில் பலர் ஐஸ் ஹாக்கியைப் பார்த்ததில்லை. புல்தரைக்குப் பதிலாகப் பனிக்கட்டித் தளம். நீளம் 200 அடி, அகலம் 85 அடி. காலணியின் அடியில் எஃகுத் தகடு பொருத்திக்கொண்டு ஆட்டக்காரர்கள் சறுக்கி ஓடுவார்கள். பக்கத்துக்கு ஆறு பேர்; அவர்களில் ஒருவர் கோல் காப்பாளர். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். இதில் பந்து கிடையாது. 3 அங்குலக் குறுக்களவும் 1 அங்குலக் கனமும் கொண்ட ரப்பர் வட்டு ஒன்றுதான் உண்டு. அதன் எடை சுமார் 165 கிராம். துள்ளாமல் இருப்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதை உறைய வைத்துவிடுவார்கள். உறைந்த ரப்பர் ஏறக்குறையக் கல்லுக்குச் சமம் என்று கொள்ளலாம்.

மற்ற ஐவரும் வட்டைத் தேடிப் போகிறார்கள். கோல் காப்பாளரையோ வட்டு தேடி வருகிறது. முன்னணி ஆட்டக்காரர் பத்து முறை தவறவிட்டு ஒரு முறை கோல் போட்டால் கைதட்டல் கிடைக்கும். காப்பாளர் முப்பது முறை தடுத்து ஒரு முறை தவறினாலும், அவருக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்குக்கு முன்னால் நின்று வாழ்நாளைக் கழிப்பதே இவர்களின் தொழில்.

ஏழை வீட்டுப் பிள்ளை

ஜாக் பிளான்ட் 1929-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிறந்தார். உடன்பிறந்தோரையும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள்; அவர்களில் மூத்தவர் இவர். தந்தையார் ஷாவினிகன் என்னும் ஊரில் ஆலைத் தொழிலாளி. பிளான்டுக்குச் சிறுவயதிலேயே மூச்சிரைப்பு நோய். நெடுநேரம் சறுக்கி ஓட முடியாது. ஓட முடியாதவன் நிற்கத்தானே வேண்டும்? கோல் முன்னால் நிற்கலானார். அவருடைய முதல் காலுறைக் காப்புகள் உருளைக்கிழங்குச் சாக்கினால் ஆனவை. உள்ளே மரப்பலகை வைத்து உறுதிப்படுத்தியவை. குளிருக்குக் கம்பளித் தொப்பி வாங்கப் பணம் இல்லை. தாயார் பின்னல் வேலை கற்றுக் கொடுத்தார். தம் தொப்பியைத் தாமே பின்னிக்கொண்டார். புகழ் பெற்ற பின்பும் அவர் பின்னல் ஊசியைக் கைவிடவில்லை.

சிறுவயதிலிருந்தே கோல் காத்த அவர், ஓர் ஆலை அணிக்கு ஆடியபோது தந்தையாரின் யோசனைப்படி கூலி கேட்டார். ஆட்டத்துக்கு ஐம்பது காசு கிடைத்தது. கனடாவின் அரை டாலர்தான்; ஆனால் அதுவே அவருடைய தொழில் வாழ்க்கையின் தொடக்கம் எனலாம். படிப்படியாக உயர்ந்து, 1952-ஆம் ஆண்டில் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்கு முதன்முதலாக ஆடினார். 1954 முதல் அவ்வணியின் நிலையான கோல் காப்பாளர் ஆனார்.

ஒரு சிறிய கணக்கு

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்புகிறேன். பலமாக அடித்த வட்டு மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வரும் என்று கொள்வோம். அதாவது வினாடிக்கு 44 மீட்டர். 60 அடி தூரத்திலிருந்து அடித்தால் 0.4 வினாடியில் வந்து சேரும். 30 அடியிலிருந்து அடித்தால் 0.2 வினாடி. கண் கண்டதைக் கை செய்வதற்கு மனிதனுக்குச் சுமார் 0.2 வினாடி தேவைப்படுகிறது. எனவே அருகிலிருந்து அடிக்கும் வட்டைப் பார்த்துத் தடுப்பது என்பது இயலாத காரியம். அது வரும் முன்பே சரியான இடத்தில் நிற்க வேண்டும்.

சரியான இடம் எது? பள்ளியில் படித்த ஒத்த முக்கோணங்கள் இங்கே கைகொடுக்கின்றன. கோலின் அகலம் 6 அடி. அடிப்பவர் நேர் எதிரே 30 அடி தூரத்தில் இருக்கிறார். காப்பாளர் கோல் கோட்டிலேயே நின்றால் 6 அடி அகலத்தையும் காக்க வேண்டும். 10 அடி முன்னால் வந்துவிட்டால் 4 அடியைக் காத்தால் போதும். 15 அடி வந்தால் 3 அடி மட்டுமே. பிளான்ட் கோலை விட்டு வெளியே வந்து ஆடினார். வலைக்குப் பின்னால் ஓடும் வட்டைத் தாமே சென்று நிறுத்தித் தம் அணியினரிடம் சேர்த்தார். முதலில் பலர் முகம் சுளித்தார்கள். பின்னர் எல்லோரும் அதையே கற்றுக்கொண்டார்கள். சில ஊர்க் களங்களில் கோல் சட்டத்தின் அளவு வேறுபடுகிறது என்றும் அவர் கூறினார். அதையும் நகையாடினார்கள். அளந்து பார்த்தபோது அவர் சொன்னதே சரி என்று தெரிந்தது. அளக்காமல் சிரிப்பது எளிது!

ஆனால் முன்னால் வர வர, வட்டு முகத்துக்கு அருகே வருகிறது. வினாடிக்கு 44 மீட்டர் வேகத்தில் வரும் 165 கிராம் வட்டின் இயக்க ஆற்றல் சுமார் 160 ஜூல். அது ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால் சராசரி விசை 16,000 நியூட்டன். அந்த விசை முழுவதும் வட்டின் விளிம்பு படும் சிறிய இடத்தில் இறங்குகிறது. எலும்பு என்ன செய்யும்?

1959 நவம்பர் 1

அக்காலத்தில் காலுக்கும் மார்புக்கும் காப்பு உண்டு, முகத்துக்கு இல்லை. 1930-இல் கிளின்ட் பெனடிக்ட் என்பவர் மூக்கு உடைந்தபின் தோல் முகமூடி ஒன்றை அணிந்து சில ஆட்டங்கள் ஆடினார். பார்வையை மறைத்ததால் விட்டுவிட்டார். அதன் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்தப் பெரிய லீக்கில் யாரும் துணியவில்லை. பிளான்ட் பயிற்சியின்போது மட்டும் முகமூடி அணிந்து வந்தார். கண்ணாடி இழை நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய பில் பர்ச்மோர் என்பவர், அவருடைய முகத்தின் அச்சைக் கொண்டு ஒரு முகமூடி செய்து கொடுத்தார். ஆனால் பந்தயத்தில் அணியப் பயிற்சியாளர் டோ பிளேக் சம்மதிக்கவில்லை. காலடியில் கிடக்கும் வட்டு தெரியாது, காவலரின் விழிப்பும் குறைந்துவிடும் என்பது அவர் கருத்து.

1959 நவம்பர் 1-ஆம் நாள் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு பிளான்டின் முகத்தைத் தாக்கியது. மூக்கு முறிந்தது, பனித்தளம் சிவந்தது. உள்ளே அழைத்துச் சென்று தையல் போட்டார்கள். முகமூடி இல்லாமல் இனிக் களத்துக்கு வரமாட்டேன் என்று அவர் கூறிவிட்டார். அந்நாளில் ஓர் அணி ஒரே ஒரு கோல் காப்பாளரோடுதான் களம் இறங்கும். தகுந்த மாற்று ஆள் இல்லை. பயிற்சியாளர் இணங்க வேண்டியதாயிற்று. முகமூடியோடு வந்த பிளான்டைக் கண்டு அரங்கமே வியந்தது. மான்ட்ரியல் 3-1 என்று வென்றது. அவ்வணியின் தோல்வியற்ற வரிசை 18 ஆட்டங்களாக நீண்டது.

முகமூடி அணிவது அச்சத்தின் அடையாளம் அல்லவா என்று அவரைக் கேட்டவர்கள் உண்டு. விமானத்திலிருந்து பாராசூட் இல்லாமல் குதித்தால் அதை வீரம் என்பீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டதாகக் கூறுவர். 1960 மார்ச் மாதத்தில் பயிற்சியாளரின் வேண்டுகோளுக்காக ஒரே ஓர் ஆட்டத்தில் முகமூடியைக் கழற்றினார். டெட்ராய்ட் அணியிடம் 3-0 என்று தோல்வி! அடுத்த ஆட்டத்தில் மீண்டும் அணிந்தவர், தம் தொழில் வாழ்க்கையின் இறுதி வரை கழற்றவில்லை.

வெற்றியே சாட்சி

1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் மான்ட்ரியல் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. குறைந்த கோல்கள் விட்டுக்கொடுத்த அணியின் காப்பாளருக்கு அந்நாளில் அளித்துவந்த வெசினா கோப்பையைப் பிளான்ட் ஏழு முறை பெற்றார். 1962-இல் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய ஹார்ட் கோப்பையும் அவரை அடைந்தது. 1963-இல் நியூயார்க் அணிக்கு மாற்றப்பட்டார். 1965-இல் ஓய்வு பெற்றவர், 1968-இல் செயின்ட் லூயிஸ் அணிக்காகத் திரும்பி வந்தார்.

1970 மே மாதம், ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று. பாஸ்டன் அணியினர் அடித்த வட்டு ஒன்று இடையில் திசை மாறி அவருடைய நெற்றியைத் தாக்கியது. முகமூடி உடைந்தது, அவர் மயங்கி வீழ்ந்தார். மருத்துவமனையில் கண் விழித்தவர், முகமூடியே தம் உயிரைக் காத்தது என்றார். விசை ஒரு புள்ளியில் இறங்காமல் அகன்ற ஓட்டில் பரவும்போது அழுத்தம் குறைகிறது. ஓடு உடைவதிலும் ஆற்றலின் ஒரு பகுதி செலவாகிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று நாம் எழுதும் ஒற்றை வரி, அன்று ஒரு மனிதரின் உயிராக நின்றது.

அதற்கு அடுத்த பருவத்தில், 42 வயதில், டொரான்டோ அணிக்கு ஆடிய அவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 1.88 கோல் மட்டுமே விட்டுக்கொடுத்தார். அந்த ஆண்டில் அதைவிடச் சிறந்த கணக்கு எவருக்கும் இல்லை. 1975-இல் முழுமையாக ஓய்வு பெற்றார். 1978-இல் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். 1986 பிப்ரவரியில் ஸ்விட்சர்லாந்தில் மறைந்தார். அந்தப் பெரிய லீக்கில் முகமூடி இல்லாமல் கடைசியாகக் கோல் காத்தவர் ஆண்டி பிரவுன், ஆண்டு 1974. ஒருவர் தொடங்கியதைப் பதினைந்தே ஆண்டுகளில் அனைவரும் ஏற்றுக்கொண்டனர்.

இனி என் கதை

என் தந்தையார் கல் உடைக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது சம்மட்டி அடியில் தெறித்த கல் சில்லு ஒன்று அவருடைய இடது கண்ணில் பாய்ந்தது. பார்வை போயிற்று. அவரோடு வேலை செய்த பெரியவர் ஒருவர் சந்தையில் வாங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் கல் உடைப்பார். "மாப்பிள்ளை கிளம்பிட்டாரு" என்று எல்லோரும் அவரைக் கேலி செய்வார்களாம். கேலி செய்தவர்களில் அப்பாவும் ஒருவர். வேலை கொடுத்தவர் யாருக்கும் கண்ணாடி கொடுத்ததில்லை. இவர்களும் கேட்டதில்லை, கேட்டால் பயந்தவன் என்ற பெயர் வரும், அந்தப் பெயரோடு வேலையும் போகலாம்.

இங்கேதான் பிளான்டுக்கும் என் தந்தையாருக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தேன். அன்றிரவு பிளான்டின் இடத்துக்கு மாற்று ஆள் இல்லை; ஆகவே அவருடைய சொல் சபை ஏறியது. கல் உடைப்பவன் மறுத்தால் அடுத்த நாளே அவன் இடத்தில் நூறு பேர் நிற்பார்கள். எனவே கண்ணைக் காக்கும் பொறுப்பைத் தனி ஒருவனின் துணிச்சலுக்கு விட்டுவிடக் கூடாது. அது விதியாக வேண்டும். வேலை கொடுப்பவரின் கடமையாக வேண்டும். நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அமிலக் குடுவையைக் கையில் எடுக்கும்போது, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த நண்பனைப் பார்த்துச் சிரிக்கும் நாமும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லா அச்சமும் கோழைத்தனம் அன்று. சில அச்சங்கள் அறிவின் பிள்ளைகள்.

சென்ற விடுமுறையில் இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூடி போட்டப்புறமும் அவரு தடுத்தாரா தம்பி?" என்றார்.

"தடுத்தாருப்பா. அந்த வருஷமும் கோப்பை அவங்களுக்குத்தான்" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பெரியவரைக் கேலி பண்ணியிருக்கக் கூடாது" என்றார்.

உதவித்தொகைப் பணத்தில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். இப்போது அதை அணிந்துகொண்டுதான் வேலைக்குப் போகிறார். கேலி செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்களாம். ஆனால் சென்ற மாதம் இளைஞன் ஒருவன் வந்து, "இது எங்கே மாமா கிடைக்கும்?" என்று கேட்டானாம்.