வலி என்னும் காவலன்

கல்லணையில் திறந்த நீர் கடைமடையைச் சேர நாளாகும். வழியில் வாய்க்கால் உடைப்பெடுத்தால் முதலில் வாடுவது கடைமடைப் பயிரே. நம் உடலில் பாதமும் ஒரு கடைமடைதான். நரம்புகளுள் மிக நீளமானவை பாதத்திற்குச் செல்பவையே. ஆகவே, நீரிழிவு நோய் நரம்புகளைத் தாக்கும்போது பெரும்பாலும் பாதங்களே முதலில் மரத்துப் போகின்றன.

சென்ற ஆண்டு சம்பா நடவு முடிந்து எங்கள் பாட்டி வீடு திரும்பியபோது திண்ணையெங்கும் இரத்தத் தடம். குதிகாலில் கண்ணாடித் துண்டு குத்தியிருந்தது. "வலிக்கவே இல்லையே!" என்று பாட்டி சிரித்தார்கள். மருத்துவர் சிரிக்கவில்லை.

வலி நமக்குப் பகைவன் அல்லன்; காவலன். இதனை உலகிற்கு எடுத்துரைத்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்த இவர், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சியற்றதால் கவனியாது விட்ட காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று கண்டார்.

இனி, நரம்பின் குறையை அறியப் படங்கள் எவ்வாறு உதவுகின்றன எனக் காண்போம்.

1. எக்ஸ்ரே: 1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்தது. இதில் நரம்பு தெரியாது. ஆனால் வலி தெரியாமலே முறிந்த எலும்பு தெரியும். பாட்டியின் காலில் கண்ணாடி எஞ்சியுள்ளதா என்று பார்த்ததும் இதனாலேயே.

2. அல்ட்ராசவுண்ட்: செவிக்கு எட்டாத ஒலியலைகளால் எடுப்பது. உட்புறக் கணுக்கால் எலும்பின் பின்னால் ஓடும் நரம்பு, குறுக்குவெட்டில் தேன்கூடு போலத் தோன்றும். தொழுநோயில் அது தடித்து, அவ்வமைப்புக் குலைந்திருக்கும்.

3. எம்.ஆர்.ஐ.: காந்தத்தின் துணையால் எடுப்பது. நரம்பை அழுத்தும் கட்டியையும், எலும்புக்குள் புண் பரவியிருப்பதையும் காட்டும்.

ஆயினும், தொட்டால் தெரிகிறதா என்பதை எந்தப் படமும் கூறாது. அதற்கு 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை போதும். மருத்துவர் பாட்டியைக் கண்களை மூடச் சொல்லி, அதனால் பாதத்தைத் தொட்டார். சற்றுப் பொறுத்து, "இன்னும் தொடலையா, ஐயா?" என்று பாட்டி கேட்டார்கள். அதற்குள் அவர் நான்கு இடங்களில் தொட்டு முடித்திருந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இப்போது நாள்தோறும் விளக்கு வைத்ததும் பாட்டியின் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளையும் பார்க்கிறோம். காவலன் உறங்கிவிட்ட வீட்டில் மற்றவர்தாமே விழித்திருக்க வேண்டும்? தோழியரே, உங்கள் வீட்டுப் பெரியோரின் பாதங்களையும் இன்று பாருங்கள்!