கேள்வி ஊடகத்தின் மீது: சிவகிரி வட்டார வகுப்பறைகளுக்கு ஒரு வழிகாட்டி

ஊடகத்தை விமர்சன நோக்கில் வாசித்தல் என்பது, ஒரு செய்தியையோ திரைப்படத்தையோ கைபேசிக் காணொளியையோ நடந்தவற்றின் நேர்ப்பதிவாக ஏற்றுக்கொள்ளாமல், அதை உருவாக்கியவர் யார், யாருக்காக உருவாக்கினார், எதைக் காட்டி எதை விட்டார் என்று ஆராய்ந்து பொருள்கொள்வதாகும். இப்பயிற்சிக்கான பாடம் சிவகிரி அமைந்துள்ள தென்காசி மாவட்டத்திலேயே இருக்கிறது. 2022 செப்டம்பரில், சங்கரன்கோவில் வட்டத்துப் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பள்ளிக் குழந்தைகளிடம் ஊர்க் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டிப் பெட்டிக்கடைக்காரர் விற்க மறுக்கும் காணொளி பரவியது. அது பரவியதால் கைது நடவடிக்கை தொடங்கியது, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. ஆயினும் அவமதிக்கப்பட்ட குழந்தைகளின் முகங்களும் அதே காணொளியுடன் ஊரெங்கும் சென்றன. நீதிக்கு வழி திறந்ததும் காயத்தைப் பெருக்கியதும் ஒரே ஊடகம்தான் என்பதால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இதைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒரு விதி அடிப்படையாகிறது: கேள்வி ஊடகத்தின் மீது விழ வேண்டும், எந்த மாணவர் மீதும் விழக் கூடாது.

1. வகுப்பைப் பாதுகாப்பாக அமைத்தல்

தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர் கையில் கட்டும் கயிற்றின் நிறமே சாதி அடையாளமாகக் கருதப்படும் நிலை இருந்துவருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வெட்டப்பட்டதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் இத்தகைய கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. எனவே பாடம் தொடங்கும் முன் தலைமையாசிரியருடன் கலந்து பேசி, மூன்று நெறிகளை வகுப்பில் அறிவிக்க வேண்டும்: எவரிடமும் சாதி கேட்கப்படாது, எவரும் தம் சமூகத்தின் சார்பாகப் பதில் சொல்லுமாறு நிறுத்தப்படமாட்டார், வாய்விட்டுச் சொல்ல விரும்பாதவர் பெயரிடாமல் எழுதிப் பெட்டியில் இடலாம்.

2. பொருளைத் தேர்ந்தெடுத்தல்

பாஞ்சாகுளக் காணொளியை வகுப்பில் திரையிடக் கூடாது. குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடுக்கிறது. அதற்குப் பதிலாக, அந்நாட்களில் வெளிவந்த இரண்டு மூன்று நாளிதழ்ச் செய்திகளை எடுத்து, குழந்தைகளின் பெயரும் படமும் நீக்கிய நகல்களைக் குழுவுக்கு ஒரு தொகுப்பாக வழங்கலாம்.

3. மூவகைக் கேள்விகளை எழுப்புதல்

முதல்வகை, தயாரிப்பைப் பற்றியது. இக்காட்சியைக் கடைக்காரரே பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்ததாகச் செய்திகள் தெரிவித்தன. கட்டுப்பாடு நிறைவேற்றப்பட்டது என்று தம்மவருக்குக் காட்ட எடுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு பதிவு, வெளியே வந்தவுடன் எவ்வாறு குற்றத்தின் சான்றாக மாறியது என்று மாணவர்கள் விவாதிக்கும்போது, ஒரு படத்தின் பொருளை எடுப்பவர் மட்டுமின்றிப் பார்ப்பவரும் தீர்மானிக்கிறார் என்பது விளங்கும்.

இரண்டாம்வகை, சட்டகத்தைப் பற்றியது. நிகழ்வை எந்தக் கோணத்தில் வாசகர் காண வேண்டும் என்று தலைப்பும் சொல்லாட்சியும் வரையறுத்துத் தருவதே சட்டகம். ‘இரு பிரிவினரிடையே மோதல்’ என்பது இரு தரப்பையும் சமமாக நிறுத்துகிறது. ‘தின்பண்டம் மறுக்கப்பட்டது’ என்பது மறுத்தவரை மறைக்கிறது. ‘கடைக்காரர் மறுத்தார்’ என்பது பொறுப்பை உரியவரிடம் வைக்கிறது. மாணவர்கள் ஒரே நிகழ்வுக்கு மூன்று தலைப்புகள் எழுதி, அவற்றால் யாருக்கு என்ன நேர்கிறது என்று ஒப்பிட வேண்டும்.

மூன்றாம்வகை, விடுபட்டவற்றைப் பற்றியது. சில நொடிக் காட்சியில் கட்டுப்பாட்டை முடிவுசெய்த ஊர்க் கூட்டம் இல்லை, அதற்குப் பின்னணியான பழைய வழக்கு இல்லை, பெற்றோரின் குரல் இல்லை. இவற்றுள் எது எந்த நாளிதழில் வந்தது என்று அட்டவணையிட வேண்டும்.

4. சட்டத்துடன் பொருத்திப் பார்த்தல்

அரசியலமைப்பின் 17ஆம் கூறு தீண்டாமையை ஒழிக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, குற்றம் செய்யக்கூடியவரைக் குறிப்பிட்ட பகுதியிலிருந்து வெளியேற்றச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பாஞ்சாகுள வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஐவர் ஆறு மாதம் ஊருக்குள் நுழைய விதிக்கப்பட்ட தடை இதன் பயன்பாடே. கைதுடன் நின்றுவிட்ட செய்தி எது, தடை வரை தொடர்ந்த செய்தி எது என்று தேடும்போது, பரபரப்பு அடங்கியபின் ஊடகம் விலகிவிடும் இயல்பு புலப்படும்.

5. பழையதையும் புனைவையும் அருகில் வைத்தல்

மேல்நிலை வகுப்புகளில், 1981 பிப்ரவரியில் தென்காசிக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 பட்டியல் சாதிக் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவிய நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். மதமாற்றத்துக்கு வெளிநாட்டுப் பணமே காரணம் என்ற பேச்சு மேலோங்கியபோது, தாங்கள் பட்ட தீண்டாமையைப் பற்றி அம்மக்கள் சொன்னது எவ்வளவு இடம் பெற்றது என்பதே அங்குக் கேள்வி. மற்ற வகுப்புகளில், சாதிப் பெருமை பேசாத ஏதேனுமொரு திரைப்படத்தின் கதாநாயகன் நுழையும் காட்சியை முதலில் ஒலியின்றியும் பிறகு ஒலியுடனும் காட்டி, பின்னணி இசை எவ்வாறு வன்முறையை வீரமாக்குகிறது என்று கண்டறியச் செய்யலாம். அதே அளவுகோலால் தம் கைபேசியில் வரும் ஸ்டேட்டஸ் காணொளிகளை மாணவர்களே வீட்டில் அளந்துகொள்வார்கள்.

6. உருவாக்குதலும் மதிப்பிடுதலும்

நிறைவாக, ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கச் சுவரிதழ் தயாரிக்க வேண்டும். பேருந்து வசதி, குடிநீர், பள்ளிக் கழிப்பறை போன்ற பொதுப்பொருளை எடுத்து, பேட்டி தருபவரின் ஒப்புதல் பெற்று, குழந்தைகளின் முகம் தவிர்த்து எழுதுவது விதியாகும். மதிப்பெண் மாணவரின் கருத்துக்கு அன்று, அவர் காட்டும் சான்றுக்கே தரப்பட வேண்டும். இடையில் எந்த மாணவராவது தமக்கு நேர்ந்த கொடுமையை வெளிப்படுத்தினால், அதை விவாதப் பொருளாக்காமல், தனியே கேட்டு, தலைமையாசிரியரிடமோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ தெரிவிப்பது ஆசிரியரின் கடமை.

ஒரு காணொளியைப் பகிர்வதற்கு முன், எடுத்தவர் யார், இதில் பேச இடம் கிடைக்காதவர் யார், பகிர்ந்தால் யாருக்கு நோகும் என்று மாணவர் தாமாகக் கேட்கத் தொடங்கினால், இப்பாடம் தன் பயனை அடைந்துவிட்டது எனலாம்; சமூகநீதி என்பது தேர்வுத்தாளில் எழுதும் விடையாக மட்டும் நில்லாமல், அன்றாடம் கடைப்பிடிக்கும் பழக்கமாக மாறுவது அப்போதுதான்.