வினைக்கேற்ற கணினி

நுழையும்முன்

பெருநிறுவனங்களின் கூடங்களில் மட்டுமே ஒருகாலத்தில் நிகழ்ந்த வரைகலைப் பணியும் படத்தொகுப்பும் இன்று வீட்டு மேசைக்கு வந்துவிட்டன. கணினி ஒன்று இருந்தால் குறும்படம் தொகுக்கலாம், பதாகை வடிவமைக்கலாம், இயங்குபடம் உருவாக்கலாம். ஆயினும், அதற்கு ஏற்ற கணினி எது என்னும் வினாவிற்கு விடை காண்பதில் பலர் தடுமாறுகின்றனர். விலை மிகுந்ததே சிறந்தது என்று சிலர் கருதுகின்றனர். விளம்பரம் கூறுவதை அப்படியே நம்புவோரும் உளர். ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு இதில் அடங்கியுள்ளது. எனவே, செய்யவிருக்கும் பணியைக் கணக்கிட்டு, அதற்கேற்பக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு நொடியின் எடை

காணொலி என்பது அசையாப் படங்களின் தொடர். அப்படங்கள் ஒவ்வொன்றையும் சட்டகம் என்பர். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் இடம்பெறுகின்றன. ஒவ்வொரு சட்டகமும் பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளால் ஆனது. முழு உயர்தெளிவுக் காணொலியில் கிடைவரிசையில் 1920 புள்ளிகளும் செங்குத்து வரிசையில் 1080 புள்ளிகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் ஒவ்வொரு பைட் வீதம் ஒதுக்கினால், ஒரு சட்டகத்தின் அளவு ஏறத்தாழ 6.2 மெகாபைட் ஆகும். ஒரு நொடிக்கு 149 மெகாபைட். ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 9 ஜிகாபைட்.

இன்றைய கைப்பேசிகள் பலவும் பதிவு செய்யும் 4கே காணொலியில் 3840 × 2160 புள்ளிகள் உள்ளன. நீளமும் அகலமும் இருமடங்கானதால் புள்ளிகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. ஒரு நொடியின் அளவு ஏறத்தாழ 597 மெகாபைட்டாக உயர்கிறது. படத்தொகுப்புப் பணிக்குக் கணினியின் ஆற்றல் ஏன் மிகுதியாகத் தேவைப்படுகிறது என்பதற்கு இக்கணக்கே முதன்மையான விடை.

சுருக்கமும் அதன் விலையும்

கைப்பேசியில் ஒரு நிமிடக் காட்சியைப் பதிவு செய்தால், பல ஜிகாபைட்டுகள் நிறைவதில்லையே என்று நாம் வினவலாம். காணொலி சுருக்கப்பட்டுச் சேமிக்கப்படுவதே அதற்குக் காரணம். 2003இல் வெளிவந்த எச்.264, 2013இல் வெளிவந்த எச்.265 ஆகிய தரநிலைகள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. இவற்றில் சில சட்டகங்கள் மட்டுமே முழுமையாகச் சேமிக்கப்படும். பிற சட்டகங்களில், அண்டைச் சட்டகங்களிலிருந்து மாறியவை மட்டும் குறிக்கப்படும். பேசுபவரின் பின்னால் இருக்கும் சுவர் மாறாதபோது, அச்சுவரை நொடிக்கு 24 முறை எழுதிவைக்க வேண்டியதில்லை அன்றோ?

பார்ப்பவருக்கு நன்மை தரும் இம்முறை, தொகுப்பவருக்குச் சுமையாகிறது. காட்சியின் நடுவே ஓரிடத்தைத் தொட்டவுடன், கணினி அதற்கு முன்னுள்ள முழுச் சட்டகத்தைத் தேடிச் சென்று, அங்கிருந்து ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டு வரவேண்டும். ஆற்றல் குறைந்த கணினியில் காட்சி திக்கித்திக்கி ஓடுவதற்கு இதுவே காரணம்.

இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன. முதலாவது, சுருக்கத்தை விரிப்பதற்கென்றே தனிச் சுற்றமைப்புக் கொண்ட செயலியைத் தேர்ந்தெடுத்தல். இரண்டாவது, ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே சுருக்கும் புரோரெஸ் போன்ற வடிவத்திற்குக் காட்சியை மாற்றிக்கொள்ளுதல். மூன்றாவது, தெளிவு குறைந்த பதிலிக் கோப்புகளைக் கொண்டு தொகுத்துவிட்டு, இறுதியில் மூலக் கோப்புகளுக்குத் திரும்புதல். பின்னிரண்டு தீர்வுகளுக்கும் புதிய கணினி தேவையில்லை. சேமிப்பிடமும் பொறுமையுமே தேவை. கணினியை மாற்றுவதற்கு முன், பணிமுறையை மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை.

செயலி

கணினியின் கட்டளைகளை நிறைவேற்றுவது மையச் செயலி. இன்றைய செயலிகள் கோர் எனப்படும் பல உள்ளகங்களைக் கொண்டவை. உள்ளகங்கள் இருமடங்கானால் வேகமும் இருமடங்காகும் என்று எண்ணுதல் பிழை. 1967இல் கணினி அறிஞர் ஜீன் ஆம்டால் இதனைத் தெளிவுபடுத்தினார்.

ஓர் உள்ளகம் மட்டும் செய்தால் 100 நிமிடம் எடுக்கும் பணி ஒன்றைக் கருதுவோம். அதில் 80 நிமிடப் பகுதியை உள்ளகங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ள முடியும். எஞ்சிய 20 நிமிடப் பகுதியை ஒன்றன்பின் ஒன்றாகவே செய்ய முடியும். நான்கு உள்ளகங்கள் இருப்பின் 20 + 20 = 40 நிமிடம். எட்டு இருப்பின் 10 + 20 = 30 நிமிடம். பதினாறு இருப்பின் 5 + 20 = 25 நிமிடம். நான்கிலிருந்து எட்டுக்குச் செல்லும்போது பத்து நிமிடம் மிச்சமாகிறது. எட்டிலிருந்து பதினாறுக்குச் செல்லும்போது ஐந்து நிமிடமே மிச்சமாகிறது. இரண்டாம் உயர்வுக்கு நாம் தரும் விலையோ கூடுதல். ஆகவே, உள்ளகங்களின் எண்ணிக்கையுடன் ஒவ்வோர் உள்ளகத்தின் வேகத்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

வரைகலைச் செயலி

கிராபிக்ஸ் கார்டு என்று கடைகளில் வழங்கப்படும் அட்டையில் இருப்பது வரைகலைச் செயலி. மையச் செயலியில் ஆற்றல் மிக்க சில உள்ளகங்கள் உள்ளன. வரைகலைச் செயலியிலோ எளிய உள்ளகங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 4கே சட்டகம் ஒன்றிலுள்ள 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தை ஒரே வகையில் மாற்றும் பணிக்கு இத்தகைய அமைப்பே ஏற்றது. நிறத்திருத்தம், முப்பரிமாண உருவாக்கம், காட்சி விளைவுகள் ஆகியவற்றில் இதன் பங்கு பெரிது.

இதற்கெனத் தனி நினைவகமும் உண்டு. பணிக்குத் தேவையான தரவு அதில் அடங்காவிட்டால், வேகம் மிகக் குறையும். சில மென்பொருள்களில் பணியே நின்றுவிடும். எனவே, இச்செயலியின் பெயரை மட்டும் பார்க்காமல், அதன் நினைவக அளவையும் கேட்டறிதல் வேண்டும். எழுத்தும் எளிய ஓவியமும் கொண்ட பதாகை வடிவமைப்புக்கு விலைமிகுந்த வரைகலை அட்டை தேவைப்படுவதில்லை என்பதையும் மறத்தலாகாது.

நினைவகமும் சேமிப்பகமும்

ராம் எனப்படும் நினைவகம் பணிமேசை போன்றது. சேமிப்பகம் அலமாரி போன்றது. மேசை சிறிதாயின் ஒவ்வொரு முறையும் எழுந்து அலமாரிக்குச் செல்ல நேரும். ஏ3 அளவுத் தாளை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வடிவமைத்தால், அதில் ஏறத்தாழ 1.74 கோடிப் புள்ளிகள் இருக்கும். மூன்று நிறங்களுக்கும் ஒளிபுகு தன்மைக்குமாக நான்கு பைட் கணக்கிட்டால், ஓர் அடுக்கு 70 மெகாபைட் ஆகும். அவ்வாறு 20 அடுக்குகள் சேர்ந்தால் 1.4 ஜிகாபைட் ஆகும். இயக்க மென்பொருளும் பிற செயலிகளும் தமக்குரிய பங்கையும் கேட்கும். இக்காலத்தில் இப்பணிகளுக்கு 16 ஜிகாபைட்டைத் தொடக்க அளவாகவும், 4கே தொகுப்புக்கு 32 ஜிகாபைட்டை வசதியான அளவாகவும் கொள்ளலாம்.

சுழலும் வன்தட்டு, நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 200 மெகாபைட் வரை படிக்கும். சேட்டா இணைப்புடைய எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 500 மெகாபைட்டும், என்.வி.எம்.இ. வகை சில ஆயிரம் மெகாபைட்டும் படிக்க வல்லவை. பணியில் உள்ள கோப்புகளை எஸ்.எஸ்.டி.யிலும், முடிந்த பணிகளை விலை குறைந்த வன்தட்டிலும் வைப்பது சிக்கனமான முறை.

நிறம் காட்டும் திரை

வேகத்தைக் கணக்கிடுவோர் பலர் திரையை மறந்துவிடுகின்றனர். திரை காட்டும் நிறம் பிழையாயின், அதனை நம்பிச் செய்த திருத்தமும் பிழையாகும். வீட்டில் சிவப்பாகத் தெரிந்த பட்டு, அச்சில் செங்கல் நிறமாக வரலாம். இணையத்துக்கான பணிகளுக்கு எஸ்.ஆர்.ஜி.பி. நிறப்பரப்பை முழுமையாகக் காட்டும் திரை வேண்டும். திரைப்படப் பணிக்கு டி.சி.ஐ. பி3 என்னும் விரிந்த நிறப்பரப்பு வேண்டும். பக்கவாட்டிலிருந்து நோக்கினும் நிறம் பெரிதும் மாறாத ஐ.பி.எஸ். வகைத் திரை ஏற்றது.

தெரிந்து தெளிவோம்

ஒரு நிறத்திற்கு 8 பிட் எனில், அந்நிறத்தில் 256 படிநிலைகள் உண்டு. மூன்று நிறங்களும் கலந்து 1,67,77,216 நிறங்கள் உருவாகும். 10 பிட் எனில் படிநிலைகள் 1024 ஆகும். உருவாகும் நிறங்கள் 107 கோடிக்கும் மேல். மாலை வானம் போன்ற மெல்லிய நிறமாற்றங்களில் கோடுகள் தோன்றாமல் காக்க இது உதவுகிறது.

மாற்றக்கூடியவையும் மாற்றமுடியாதவையும்

மேசைக்கணினியா, மடிக்கணினியா என்னும் வினா அடுத்து எழுகிறது. ஒரே விலையில் மேசைக்கணினி பெரும்பாலும் கூடுதல் ஆற்றல் தரும். நீண்ட நேரம் உழைக்கும்போது செயலி வெப்பமடையும். வெப்பம் எல்லை மீறினால், தன்னைக் காத்துக்கொள்ள அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெல்லிய மடிக்கணினிகளில் காற்றோட்டம் குறைவு என்பதால் இந்நிலை விரைவில் ஏற்படும். ஆயினும், படப்பிடிப்பு இடங்களுக்குச் சென்று பணியாற்றுவோர்க்கு மடிக்கணினியே துணை.

மடிக்கணினியில் செயலி, வரைகலைச் செயலி, திரை ஆகியவற்றைப் பின்னர் மாற்றுவது அரிது. பலவற்றில் நினைவகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். சேமிப்பகத்தையோ வெளி இணைப்பின் மூலம் எளிதில் பெருக்கலாம். ஆகவே, கையிருப்பு குறைவாயின், பின்னர் மாற்றமுடியாதவற்றுக்கு முதலில் செலவிடுக. மாற்றக்கூடியவற்றைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்க. மேசைக்கணினி வாங்குவோர், பின்னாளில் சேர்க்கப்படும் உறுப்புகளையும் தாங்கவல்ல மின்வழங்கியையும் தாய்ப்பலகையையும் தேர்ந்தெடுத்தல் நலம்.

காப்பு நகல்

1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறுதலாக இடப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதிக் கோப்புகள் அழிந்தன. காப்பு நகல்களை எடுத்துப் பார்த்தபோது அவையும் சரியாக இயங்கவில்லை. குழந்தையைக் கவனித்துக்கொண்டு வீட்டிலிருந்து பணியாற்றிய மேற்பார்வைத் தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சூஸ்மனின் வீட்டுக் கணினியில் இருந்த நகலே அப்பணியை மீட்க உதவியது. பெருநிறுவனத்திற்கே இந்நிலை எனில், தனியொருவரின் உழைப்பு எத்துணை எளிதில் அழியக்கூடும்! மூன்று நகல்கள், இரு வகைச் சேமிப்பகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது தொழில்துறையினர் பின்பற்றும் நெறி. கணினிக்கான செலவுத் திட்டத்தில் வெளிச் சேமிப்பகத்திற்கும் மின்தடையைத் தாங்கும் யு.பி.எஸ். கருவிக்கும் முதலிலேயே பங்கு ஒதுக்க வேண்டும்.

கருவியும் கலையும்

முழுவதும் கணினியால் உருவான முதல் முழுநீளத் திரைப்படம் 1995இல் வெளிவந்த 'டாய் ஸ்டோரி'. அதன் 1,14,240 சட்டகங்களை 117 கணினிகள் உருவாக்கின. ஒரே ஒரு சட்டகத்திற்கு ஒரு நாளுக்கும் மேலான காலம் தேவைப்பட்டதும் உண்டு. 2020இல் சிறந்த படத்திற்கான ஆஸ்கர் விருது பெற்ற கொரியத் திரைப்படமான 'பாரசைட்', 2011இலேயே விற்பனை நிறுத்தப்பட்ட ஃபைனல் கட் புரோ 7 என்னும் மென்பொருளில் தொகுக்கப்பட்டது. 2025இல் சிறந்த இயங்குபடத்திற்கான ஆஸ்கர் பெற்ற லாட்வியப் படமான 'ஃப்ளோ', எவரும் கட்டணமின்றிப் பெறக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் உருவானது. புதிய கருவி இல்லாமையால் இக்கலைஞர்களின் பணி தடைப்படவில்லை. தம் பணிக்கு எது போதும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல். செயலின் வலிமையை எடைபோடுவதில் தொடங்கும் அவ்வதிகாரம், வருவாயின் அளவறிந்து செலவிடுவதைக் கூறி முடிகிறது. கணினி வாங்குவோர்க்கும் அவ்வரிசையே பொருந்தும். செய்யவிருக்கும் பணி எது, அதற்கான மென்பொருள் எது, அம்மென்பொருள் வேண்டும் ஆற்றல் எவ்வளவு, நம் கையிருப்பு எவ்வளவு என்று முறையே வினவிக்கொள்வோம். இவ்வினாக்களுக்கு விடை எழுதிய தாளுடன் கடைக்குச் செல்பவரை விளம்பரச் சொற்கள் திசைதிருப்ப இயலாது.

சொல்லும் பொருளும்

சட்டகம் – காணொலியின் தனிப்படம். உள்ளகம் – செயலியின் கணிக்கும் பகுதி. பதிலிக் கோப்பு – மூலக்கோப்பிற்கு மாற்றாகப் பயன்படும் தெளிவு குறைந்த கோப்பு. நிறப்பரப்பு – ஒரு திரை காட்டவல்ல நிறங்களின் எல்லை.

இலக்கணக் குறிப்பு

வன்தட்டு – பண்புத்தொகை. தேர்ந்தெடுத்தல் – தொழிற்பெயர். திக்கித்திக்கி – அடுக்குத்தொடர்.

பகுபத உறுப்பிலக்கணம்

அழிந்தன = அழி + த்(ந்) + த் + அன் + அ
அழி – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அ – பலவின்பால் வினைமுற்று விகுதி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி ஆண்டுவிழாவைக் காணொலியாகத் தொகுக்கத் திட்டமிடுக. அதற்குத் தேவையான சேமிப்பிடத்தைக் கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.
2. இரு கணினிகளின் விளம்பரங்களைத் திரட்டி, அவை கூறுவனவற்றையும் கூறாமல் விடுவனவற்றையும் பட்டியலிடுக.

மதிப்பீடு

குறுவினா
1. 4கே காணொலியின் சட்டகம், முழு உயர்தெளிவுச் சட்டகத்தைப் போல எத்தனை மடங்கு பெரியது? காரணம் கூறுக.
2. பதிலிக் கோப்பின் பயன் யாது?

சிறுவினா
1. உள்ளகங்களின் எண்ணிக்கையை இருமடங்காக்கினால் வேகம் இருமடங்காவதில்லை – எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. 'டாய் ஸ்டோரி 2' நிகழ்வு உணர்த்தும் பாடம் யாது?

நெடுவினா
1. குறைந்த கையிருப்புடன் படத்தொகுப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் ஒருவருக்கு, கணினி வாங்குவது குறித்து நீவிர் கூறும் அறிவுரைகளைக் கட்டுரையாக எழுதுக.