ஹைப்போ போகக் கழுவிய படம்

திருவனந்தபுரத்தில் சிவன் ஸ்டுடியோ 1959-இல் தொடங்கியது. அன்றெல்லாம் ஸ்டுடியோக்காரர்களே இருட்டறையில் பிரிண்ட் போட்டார்கள். நாகர்கோவில், திருநெல்வேலியிலிருந்து வந்த நம் குடும்பங்களில் தாத்தா பாட்டிக்கு அநேகமாக ஒரே படம்தான் இருக்கும். ஒரு வீட்டில் அது தெளிவாக இருக்கிறது. இன்னொரு வீட்டில் பழுப்பேறிக் கிடக்கிறது. பெரும்பாலும் காரணம் காமிரா அல்ல, தண்ணீர்.

ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்தெடுப்பது ஹைப்போ. 1819-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த குணம் இது. கழுவாமல் தாளில் தங்கிய ஹைப்போவின் கந்தகம், நாளடைவில் வெள்ளியோடு சேர்ந்து படத்தைப் பழுப்பாக்கும். அக்காலத் தாளை ஓடும் நீரில் ஒரு மணி நேரமாவது கழுவ வேண்டும். நான் ரயில்வேயில் சேர்ந்த காலத்தில் நீராவி எஞ்சின் பாய்லர் கழுவியதும் இப்படித்தான். அவசரப்பட்டால் அன்றைக்குத் தெரியாது. படத்தைக் கையில் வாங்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாடிக்கையாளர் பார்க்காத அந்த ஒரு மணி நேரத்தையே நான் நல்ல சேவை என்பேன்.

இப்போது நகலெடுக்கிறீர்களா? வாட்ஸ்அப்பில் வந்ததைக் கொடுக்காதீர்கள். மூலப்படத்தையே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 6 x 4 அங்குலப் பிரிண்ட்டுக்கு 1800 x 1200 பிக்சல் வேண்டும். எந்த மை என்றும் கேளுங்கள். சாய மையைவிட நிறமி மை பொதுவாக அதிகநாள் மங்காமல் நிற்கும்.