முத்திரையிலிருந்து மின்விசாவிற்கு

நுழையும்முன்

பிறந்த மண்ணைவிட்டு வேற்று நாட்டில் வாழ்பவருக்கு, அங்கு வாழும் உரிமையை மெய்ப்பிக்கும் ஆவணம் உயிர்ப்பிடிப்பு போன்றது. அவ்வாவணம் மை முத்திரையாகத் தொடங்கி, ஒட்டுத்தாளாகி, நெகிழி அட்டையாகி, இன்று கணினியில் உள்ள பதிவாக மாறிவருகிறது. பிரித்தானிய நாட்டில் நிகழ்ந்த இம்மாற்றத்தையும் அது எழுப்பும் வினாக்களையும் இப்பாடம் விளக்குகிறது.

தாளும் அட்டையும்

முதல் உலகப்போருக்கு முன்னர், ஐரோப்பாவின் பல நாடுகளுக்குள் கடவுச்சீட்டு இல்லாமலேயே மக்கள் சென்றுவர முடிந்தது. போர் அந்நிலையை மாற்றியது. 1920ஆம் ஆண்டு பன்னாட்டுச் சங்கத்தின் சார்பில் பாரீசில் கூடிய மாநாடு, கடவுச்சீட்டு ஒரே வடிவிலான சிறு கையேடாக அமைய வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அக்கையேட்டின் பக்கங்களிலேயே விசா எனப்படும் நுழைவிசைவும் முத்திரையாக இடப்பட்டது. பின்னாளில் முத்திரையின் இடத்தை ஒட்டுத்தாள் பெற்றது.

பிரித்தானிய அரசு 2008ஆம் ஆண்டு முதல், அயல்நாட்டவருக்கு உயிரளவை வசிப்பு அட்டையை வழங்கத் தொடங்கியது. கைக்கு அடக்கமான அந்த நெகிழி அட்டையில் உரியவரின் ஒளிப்படமும் தங்கும் காலமும் அச்சிடப்பட்டிருந்தன. விரல்ரேகைப் பதிவு சில்லினுள் அடங்கியிருந்தது. வேலைக்குச் சேரவும் வீடு வாடகைக்கு எடுக்கவும் அவ்வட்டையைக் காட்டினால் போதும் என்ற நிலை பல்லாண்டுகள் நீடித்தது.

அழிக்கப்பட்ட அட்டைகள்

ஆவணம் இல்லாதவர் படும் துயரைப் பிரித்தானியா அண்மைக்காலத்திலேயே கண்டது. 1948ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பலில் வந்த கரீபியத் தீவு மக்கள் டில்பரித் துறைமுகத்தில் கரையிறங்கினர். போரால் நலிந்த நாட்டில் தொழிலாளர் பற்றாக்குறை நிலவிய காலம் அது. அவர்களைத் தொடர்ந்து பலர் வந்தனர். பெற்றோரின் கடவுச்சீட்டிலேயே பெயர் சேர்க்கப்பட்டு வந்த சிறுவர் சிறுமியரும் அவர்களுள் இருந்தனர். அத்தலைமுறையினர் ‘விண்ட்ரஷ் தலைமுறை’ எனப்பட்டனர்.

1973ஆம் ஆண்டு தொடங்கும் முன்னரே காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து குடியமர்ந்தோர் நிலையாகத் தங்கலாம் எனக் குடியேற்றச் சட்டம் உறுதியளித்தது. எனினும், அவ்வுரிமையைக் காட்டும் தாள் அவர்கள் பலருக்கு வழங்கப்படவில்லை. பல பத்தாண்டுகள் அதற்குத் தேவையும் எழவில்லை.

2014, 2016ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நிலைமையை மாற்றின. வேலை தருவோர், வீட்டு உரிமையாளர், வங்கி எனப் பலரும் குடியேற்ற நிலையைச் சரிபார்க்கும் கடமைக்கு உள்ளாயினர். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் உழைத்து வரி செலுத்திய முதியோரிடம், வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டிற்கும் சான்று கேட்கப்பட்டது. சான்று காட்ட இயலாதோர் சிலர் வேலையை இழந்தனர். சிலருக்கு மருத்துவம் மறுக்கப்பட்டது. சிலர் காவலில் வைக்கப்பட்டனர். நாடு கடத்தப்பட்டோரும் உண்டு.

அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டக்கூடிய ஆயிரக்கணக்கான வருகை அட்டைகள் அரசின் வசமே இருந்தன. அவற்றை 2010ஆம் ஆண்டில் உள்துறை அமைச்சகமே அழித்திருந்தது. 2018ஆம் ஆண்டு இக்கொடுமை வெளிப்பட்டபோது அரசு மன்னிப்புக் கேட்டது. உள்துறை அமைச்சர் பதவி விலகினார். சட்டம் தந்த உரிமை அம்மக்களிடம் இருந்தது. அதை மெய்ப்பிக்கும் தாள்தான் இல்லை.

அட்டையிலிருந்து கணக்கிற்கு

இந்நிகழ்வுகளின் பின்னணியில் மின்விசா அறிமுகமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகியதை ஒட்டி, அங்கு வாழ்ந்த ஐரோப்பியக் குடிமக்களுக்கென 2019ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில், பெரும்பாலோருக்கு உரிமை கணினிப் பதிவாக மட்டுமே வழங்கப்பட்டது. பின்னர் அம்முறை பிற நாட்டவருக்கும் விரிந்தது. 2024 அக்டோபருடன் வசிப்பு அட்டை வழங்குதல் நிறுத்தப்பட்டது. உரியவர் மேலும் பல ஆண்டுகள் தங்க உரிமை பெற்றிருந்தபோதும், பெரும்பாலான அட்டைகளில் 2024 டிசம்பர் 31 என்றே இறுதிநாள் அச்சிடப்பட்டிருந்தது. மாற்றம் எளிதில் நிறைவேறாமையால், காலாவதியான அட்டையைப் பயணத்திற்குக் காட்டும் சலுகை 2025 ஜூன் 1 வரை நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலை முதல், படிப்பிற்கும் வேலைக்கும் விண்ணப்பிப்போர் பெரும்பாலோரின் கடவுச்சீட்டில் ஒட்டுத்தாளும் இடம்பெறுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்பிற்குச் செல்லும் மாணவர்களும் இம்முறையையே எதிர்கொள்கின்றனர்.

மின்விசா பெற்றவர் இணையத்தில் தமக்கென ஒரு கணக்கைத் தொடங்கி, அதனுடன் கடவுச்சீட்டை இணைக்க வேண்டும். வேலை தருபவர் சான்று கேட்டால், கணக்கினுள் சென்று ஒன்பது எழுத்துகளும் எண்களும் கொண்ட பகிர்வுக் குறியீட்டைப் பெற்றுத் தரவேண்டும். அவர் அக்குறியீட்டையும் உரியவரின் பிறந்த நாளையும் இணையத்தில் இட்டு, வேலை செய்யும் உரிமையைக் கண்டறிவார். அக்குறியீடு 90 நாள்கள் செல்லும்.

பயனும் ஐயமும்

மின்விசா தொலையாது; தீயில் எரியாது; போலியாக அச்சிட இயலாது. அட்டையைத் தவறவிட்டு மாற்று அட்டைக்குக் காத்திருக்கும் துன்பமும் இல்லை. வீட்டு உரிமையாளருக்கு வேண்டிய செய்தியை மட்டும் காட்டவும் இயல்கிறது. வருகை அட்டைகளின் அழிவோடு ஒப்பிட்டால், முறையாகக் காக்கப்படும் பதிவு பெரும்பேறாகும்.

ஆயினும், கையிலுள்ள அட்டையைக் காட்ட எவர் துணையும் வேண்டியதில்லை. மின்விசாவைக் காட்டுவதற்கோ இணையம், கைப்பேசி, மின்னஞ்சல், அரசின் கணினி ஆகிய நான்கும் ஒருசேர இயங்க வேண்டும். புதிய கடவுச்சீட்டு பெற்றவர் அதன் எண்ணைக் கணக்கில் மாற்ற மறந்தால், விமான நிலையத்தில் தடைப்பட நேரலாம். பழைய கடவுச்சீட்டிலுள்ள மை முத்திரையையே நம்பி வாழும் முதியோரும் மின்விசாவிற்கு மாறுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். கணினி அறியாத அவர்கள், தம் உரிமையைக் காண்பதற்கே பிறரை நாடும் நிலை ஏற்படுகிறது. ஐரோப்பியக் குடிமக்களுக்காகக் குரல்கொடுக்கும் ‘தி த்ரீ மில்லியன்’ என்னும் அமைப்பு, பதிவோடு கையில் வைத்துக்கொள்ளத்தக்க சான்றும் வேண்டும் என வலியுறுத்தியது இதனால்தான்.

உரிமையும் சான்றும்

உரிமை வேறு, சான்று வேறு. உரிமை சட்டத்தால் பிறப்பது; சான்று அதைப் பிறருக்குக் காட்டுவது. சான்று இல்லை என்பதால் உரிமையே இல்லை என முடிவு செய்ததே விண்ட்ரஷ் தலைமுறைக்கு இழைக்கப்பட்ட அநீதி. சான்றின் வடிவம் மாறினாலும் அத்தவறு மீண்டும் நேரலாம். அன்று தாள் இல்லாதவர் அல்லலுற்றார். நாளை கணக்கினுள் நுழைய இயலாதவர் அல்லலுறக்கூடும். பதிவைப் பிழையின்றிக் காப்பதும், பிழை நேர்ந்தால் விரைந்து திருத்துவதும், கணினி அறியாதவருக்கு மாற்றுவழி அமைப்பதும் அரசின் கடமைகள். தம் பதிவைச் சரிபார்த்து வைத்துக்கொள்வது உரியவரின் கடமை. இரண்டும் இணையும்போதுதான் தொழில்நுட்பம் மனிதருக்குத் துணையாகும்.

தெரிந்து தெளிவோம்

நாடற்ற ஏதிலியருக்குப் பயண ஆவணம் வழங்க 1922ஆம் ஆண்டு வழிவகுத்தவர், நார்வே நாட்டுத் துருவ ஆய்வாளர் பிரிட்ஜாப் நான்சென். அவ்வாவணம் ‘நான்சென் கடவுச்சீட்டு’ என வழங்கப்பட்டது. அவ்வாண்டின் அமைதிக்கான நோபல் பரிசை அவர் பெற்றார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள அடையாள ஆவணங்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் மின்வடிவிலும் கிடைப்பவை எவை எனக் கண்டறிக.
2. ‘கையில் அட்டையும் வேண்டும்’, ‘கணினிப் பதிவே போதும்’ என்னும் இரு தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

குறுவினா

1. பகிர்வுக் குறியீடு எவ்வாறு பயன்படுகிறது?
2. விண்ட்ரஷ் தலைமுறையினர் என்போர் யாவர்?

நெடுவினா

‘உரிமை வேறு; சான்று வேறு’ – பாடப்பகுதியின் துணைகொண்டு நிறுவுக.