எனக்கேற்ற திட்டம்

(உரைநடைப் பாடம்)

கற்றல் நோக்கங்கள்

• தன் நிலையைத் தானே அளந்தறிந்து, தனக்கேற்ற வளர்ச்சித் திட்டம் ஒன்றை வகுத்தல்.
• பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து படித்தல்.
• தமிழ் எழுத்துகளின் அமைப்பு முறையை அறிதல்.

நுழையும் முன்

புத்தாண்டின் முதல் நாளிலும் புதிய வகுப்பின் முதல் நாளிலும் நாம் பல முடிவுகளை எடுக்கிறோம். நாள்தோறும் வைகறையில் எழுவேன், ஒரு மணி நேரம் கூடுதலாகப் படிப்பேன் என்று குறிப்பேட்டில் அழகாக எழுதியும் வைக்கிறோம். ஓரிரு வாரங்களில் அக்குறிப்பேடு அலமாரிக்குள் போய்விடுகிறது. நமக்கு மனவுறுதி இல்லை என்று நம்மையே நொந்துகொள்கிறோம். பெரும்பாலும் குறை மனத்தில் இல்லை, திட்டத்தில் இருக்கிறது. பிறர் அளவுக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்துவதில்லை. பிறருடைய நாளுக்கு வகுத்த திட்டமும் அப்படித்தான். நமக்கேற்ற திட்டத்தை நாமே வகுத்துக்கொள்வது எப்படி என்பதை இப்பாடத்தில் காண்போம்.

அச்சகத்தாரின் குறிப்பேடு

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1706ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். பின்னர் ஃபிலடெல்ஃபியா நகரில் அச்சகம் நடத்தினார். அறிவியல் அறிஞராகவும் அரசியல் தலைவராகவும் புகழ்பெற்ற அவர், இளமையில் தம்மைத் திருத்திக்கொள்ள ஒரு திட்டம் வகுத்தார். அதைத் தம் தன்வரலாற்றில் விரிவாக எழுதியுள்ளார்.

அளவாக உண்ணல், தேவையற்ற பேச்சைத் தவிர்த்தல், ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு எனப் பன்னிரண்டு பண்புகளை அவர் முதலில் பட்டியலிட்டார். அவரிடம் செருக்கு இருப்பதை நண்பர் ஒருவர் எடுத்துக்காட்டியபின் பணிவையும் சேர்த்துப் பதின்மூன்றாக்கினார். சிறு குறிப்பேடு ஒன்றில் வாரத்தின் ஏழு நாள்களுக்கு ஏழு பத்திகளும், பண்புகளுக்குப் பதின்மூன்று வரிசைகளும் கோடிட்டார். தவறிய இடத்தில் கரும்புள்ளி வைத்தார். எல்லாப் பண்புகளையும் ஒரே நேரத்தில் அடைய முயலாமல், வாரத்துக்கு ஒன்றில் மட்டும் சிறப்பாகக் கருத்தைச் செலுத்தினார். பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று முடியும். ஓராண்டில் நான்கு சுற்றுகள் முடியும்.

இவற்றுள் அவருக்குக் கடைசிவரை கைவராதது ஒழுங்கு. ஒவ்வொரு வேலைக்கும் அதற்குரிய நேரத்தை ஒதுக்குவதே அவர் கருதிய ஒழுங்கு. கூலிக்கு வேலை செய்யும் அச்சுத் தொழிலாளிக்கு அது இயலும். அச்சக உரிமையாளரோ வாடிக்கையாளர் வரும் நேரத்திலெல்லாம் அவர்களை வரவேற்றாக வேண்டும். எனவே அவர் வகுத்த நேரப் பட்டியல் அவருடைய தொழிலுக்குப் பொருந்தவில்லை. ஆயினும் அவர் திட்டத்தைக் கைவிடவில்லை. எண்ணிய நிறைவை எட்டாவிட்டாலும், முயலாமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையைவிட மேம்பட்ட மனிதராகவும் மகிழ்ச்சியுள்ளவராகவும் ஆனதாக அவர் முதுமையில் எழுதினார்.

சுவரில் ஒட்டிய சீட்டுகள்

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்த காலத்தில் கீதையை மனப்பாடம் செய்ய விரும்பினார். அதற்கெனத் தனி நேரம் கிடைக்கவில்லை. தம் காலை நேரத்தை அளந்து பார்த்தார். பல் துலக்கப் பதினைந்து நிமிடமும் குளிக்க இருபது நிமிடமும் செலவாயின. பல் துலக்க நிற்கும் இடத்துக்கு எதிரே, சுவரில், சுலோகங்களை எழுதிய சீட்டுகளை ஒட்டிவைத்தார். பல் துலக்கும்போது புதியவற்றைக் கற்றார். குளிக்கும்போது பழையவற்றைச் சொல்லிப் பார்த்தார். இவ்வாறு பதின்மூன்று அத்தியாயங்கள் அவருக்கு மனப்பாடம் ஆயின.

அவர் தமிழ் கற்ற வரலாறும் நாம் அறிய வேண்டியதே. தென்னாப்பிரிக்காவில் தம்மோடு இருந்த தமிழர்களுடன் நெருங்கிப் பழக அவர் விரும்பினார். 1896ஆம் ஆண்டு கப்பலில் இந்தியாவுக்கு வந்தபோது, கப்பல் மருத்துவர் கொடுத்த நூல் ஒன்றைக் கொண்டு தாமே தமிழ் பயிலத் தொடங்கினார். பிற்காலத்தில் சிறையில் இருந்தபோதும் பயின்றார். ஆனால் வெளியே வந்தபின் வேலைகள் சூழ்ந்துகொண்டன. பேச வரவில்லை என்றும், படிக்கக் கற்ற சிறிதளவும் பழக்கமின்மையால் துருப்பிடித்துவருவதாகவும் அவர் வருந்தி எழுதினார்.

ஒரே மனிதரின் இரண்டு முயற்சிகள் இவை. அன்றாட வாழ்வில் இடம்பெற்ற முயற்சி நிலைத்தது; இடம்பெறாத முயற்சி தேய்ந்தது.

அப்பத்தாவின் கடிதம்

இனி, நம்மைப் போன்ற ஒருவரை எண்ணிப் பார்ப்போம். போபால் நகரில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மாணவி அவள். வீட்டில் தமிழ் பேசுவாள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுவாள். விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் அவளுடைய அப்பத்தாவுக்குச் செவிப்புலன் குறைந்துவிட்டது. தொலைபேசியில் பேச முடிவதில்லை. எனவே மாதம் ஒரு கடிதம் எழுதுவார். அம்மா அதைப் படித்துவிட்டு, "உன்னை நல்லாப் படிக்கச் சொல்லியிருக்காங்க" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார். இரண்டு பக்கக் கடிதத்தில் அவ்வளவுதானா இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தானே படிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அவளுடைய தோழி ஒருத்தி நாள்தோறும் ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் படிப்பாள். அத்திட்டத்தையே இவளும் மேற்கொண்டாள். தோழியின் வீடு பள்ளிக்கு அருகில் இருந்தது. இவளுக்கோ 6.40 மணிக்குப் பள்ளிப் பேருந்து வந்துவிடும். மூன்று நாள் எழுந்தாள். நான்காம் நாள் வகுப்பிலேயே உறங்கிவிட்டாள். அத்துடன் அத்திட்டம் முடிந்தது. பிறகு அவள் தனக்கேற்ற திட்டம் ஒன்றை நான்கு படிகளில் வகுத்தாள்.

முதற்படி: இருக்கும் இடத்தை அறிதல்

பாடநூலில் பத்து வரிகளை வாய்விட்டுப் படித்தாள். ஒன்பது நிமிடம் ஆயிற்று. பதினேழு இடங்களில் தடுமாறினாள். அவ்விடங்களை அடிக்கோடிட்டுப் பார்த்தபோது உண்மை புலப்பட்டது. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. அவற்றில் பெரும்பாலானவற்றை அவள் அறிந்தே இருந்தாள். கா, கி, கே போன்ற வரிசைகளில் குறிகள் பெரிதும் ஒரே சீராக வருவதால் அவற்றில் தடுமாற்றமில்லை. கு, டு, து, மு என எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளே அவளைத் தடுத்தன. ல, ள, ழ; ந, ண, ன; ர, ற ஆகியவற்றிலும் குழப்பம் இருந்தது. "தமிழ் தெரியவில்லை" என்ற பெரிய கவலை, எண்ணக்கூடிய சிறு பட்டியலாகச் சுருங்கியது.

இரண்டாம் படி: சேரும் இடத்தைத் தெளிதல்

"தமிழில் சிறந்து விளங்குவேன்" என்று அவள் எழுதவில்லை. "பன்னிரண்டு வாரங்களில் அப்பத்தாவின் கடிதத்தை நானே படிப்பேன், அரைப்பக்கம் மறுமொழி எழுதுவேன்" என்று எழுதினாள். முடிந்ததா, இல்லையா என்று எவரும் சொல்லிவிடக்கூடிய இலக்கு அது.

மூன்றாம் படி: நேரத்தைக் கண்டெடுத்தல்

ஒரு வாரம் தன் நாளைக் குறித்துப் பார்த்தாள். இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் நாள்தோறும் வீணாவது தெரிந்தது. திங்கள் முதல் சனி வரை அந்நேரத்தில், அம்மா சமையலறையை ஒழுங்குபடுத்தும்போது அருகில் அமர்ந்து வாய்விட்டுப் படிப்பது என்றும், ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் எழுதுவது என்றும் வைத்துக்கொண்டாள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது.

அவளது திட்டம்:

வாரம் 1–3: உகர, ஊகார வரிசைகள், வாரத்துக்குப் பன்னிரண்டு எழுத்துகள்.
வாரம் 4–6: ல, ள, ழ; ந, ண, ன; ர, ற உள்ள சொற்கள்.
வாரம் 7–9: பாடநூற் பத்திகளை வாய்விட்டுப் படித்தல்.
வாரம் 10–12: கடிதம் படித்தல், மறுமொழி எழுதுதல்.

நான்காம் படி: பார்த்துத் திருத்துதல்

ஞாயிறுதோறும் அதே பத்து வரிகளைப் படித்து, நிமிடத்தையும் தடுமாறிய இடங்களையும் குறித்துவந்தாள். ஆறாம் வாரம் பள்ளித் தேர்வு வந்தது. அவ்வாரம் முழுவதும் விட்டுவிட்டு, அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

எட்டாம் வாரத்தில் பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் பார்த்தபோது எதிர்பாராத தடை ஒன்று எதிர்ப்பட்டது. பாடநூலில் இல்லாத எழுத்துகள் கடிதத்தில் இருந்தன. அம்மா விளக்கினார். தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை ஆகிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் அப்போது மாறியது. அதற்கு முன் பள்ளியில் படித்த அப்பத்தா பழைய வடிவங்களையே எழுதுகிறார். அவர் எழுதும் 'லை' என்னும் எழுத்தில், யானையின் துதிக்கை போன்ற வளைவு லகரத்தோடு சேர்ந்திருக்கும். அவள் ஒன்பதாம் வாரத் திட்டத்தை அடித்துவிட்டு, "அப்பத்தாவின் பதின்மூன்று எழுத்துகள்" என்று எழுதினாள். எந்த நூலும் அவளுக்கு இப்பாடத்தை வைத்திருக்காது. அவளுடைய தேவை அவளுக்கே உரியது.

பேச்சறிவு அவளுக்குத் துணையாயிற்று. 'வந்துட்டேன்' என்பது எழுத்தில் 'வந்துவிட்டேன்' ஆகும். 'பாத்தேன்' என்பது 'பார்த்தேன்' ஆகும். இதைப் புரிந்துகொண்டதும், எழுத்துக்கூட்டிப் படித்த சொல் காதால் கேட்டறிந்த சொல்லாகிவிட்டது.

பன்னிரண்டாம் வாரம், பத்து வரிகளை மூன்று நிமிடத்தில் படித்தாள். நான்கு இடங்களில் மட்டும் தடுமாறினாள். ஒரு வாரம் விட்டும் 22 மணி நேரம் படித்திருந்தாள். தோழியின் திட்டம் அவளுக்குத் தந்தது மூன்று மணி நேரமே. அம்மாதக் கடிதத்தைத் தானே பிரித்தாள். இரண்டு சொற்களுக்கு மட்டும் அம்மாவிடம் பொருள் கேட்டாள். கோடை விடுமுறையில் அவள் நட்ட முருங்கைக் கிளை பூத்திருக்கிறது என்றும், முதற்காயை அவள் வரும்வரை பறிக்கப் போவதில்லை என்றும் அப்பத்தா எழுதியிருந்தார். அதற்கு அவள் மறுமொழி எழுதினாள்.

மாணவர்களே! நம்மில் பலருடைய பெற்றோர் இடமாற்றம் பெறும் பணியில் இருக்கின்றனர். அடுத்த ஆண்டு நீங்கள் சேரும் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாமலும் போகலாம். வகுப்பை மட்டும் நம்பிய கல்வி வகுப்போடு நின்றுவிடும். உங்கள் நாளில் நீங்களே இடம் கொடுத்த கால் மணி நேரமோ எந்த ஊருக்கும் உங்களுடன் வரும். தமிழுக்கு மட்டுமன்று; கணக்கு, ஓட்டம், ஓவியம், கூச்சமின்றிப் பேசுதல் என எதைக் குறித்துத் திட்டமிட்டாலும் இந்நான்கு படிகளே போதும்.

சொல்லும் பொருளும்

வைகறை – விடியற்காலம்
அப்பத்தா – தந்தையின் தாய்
செவிப்புலன் – கேட்கும் ஆற்றல்
செருக்கு – கர்வம்
மறுமொழி – பதில்
தன்வரலாறு – தன் வாழ்க்கையைத் தானே எழுதிய நூல்

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. தமிழில் உயிர்மெய் எழுத்துகள் ______.
 (அ) 18 (ஆ) 36 (இ) 216 (ஈ) 247
2. ஃபிராங்க்ளினுக்குக் கைவராத பண்பு ______.
 (அ) சிக்கனம் (ஆ) ஒழுங்கு (இ) உழைப்பு (ஈ) பணிவு
3. 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் வடிவம் மாறிய எழுத்து ______.
 (அ) கை (ஆ) மை (இ) லை (ஈ) தை

ஆ. எழுத்து வழக்கில் மாற்றி எழுதுக.
1. நான் நேத்து ஊருக்குப் போனேன்.
2. வீட்ல யாரும் இல்ல.
3. அவங்க எனக்குக் கடிதம் எழுதியிருக்காங்க.

இ. பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைக்க.
1. மனம் – மணம் 2. அலை – அழை 3. அரி – அறி

ஈ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. காந்தியடிகள் சுலோகங்களை மனப்பாடம் செய்யக் கண்ட வழி யாது?
2. தோழியின் திட்டம் மாணவிக்கு ஏன் பொருந்தவில்லை?
3. "தமிழில் சிறந்து விளங்குவேன்" என்பது ஏன் தெளிவான இலக்கு ஆகாது?

உ. பத்து வரிகளில் விடையளிக்க.
எட்டாம் வாரத்தில் மாணவி தன் திட்டத்தை மாற்றியது சரியா? ஃபிராங்க்ளினின் பட்டறிவோடு ஒப்பிட்டு எழுதுக.

ஊ. செயல்பாடு
உங்களுக்கு வேண்டிய ஒரு திறனைத் தேர்ந்தெடுத்து, கீழ்க்காணும் தலைப்புகளில் ஆறு வாரத் திட்டம் எழுதுக. இலக்கு ஒன்று மட்டும் போதும்.
1. இன்று நான் இருக்கும் நிலை (எண்ணால் குறிக்க)
2. ஆறு வாரத்தில் அடைய விரும்புவது
3. என் நாளில் நான் கண்டெடுத்த நேரம்
4. நான் தடுமாறினால் எனக்கு எடுத்துச் சொல்பவர்
5. வாரந்தோறும் அளந்த அளவு
6. மூன்றாம் வாரத்தில் நான் மாற்றியது, மாற்றியதன் காரணம்

குறிப்பு: ஆறாம் தலைப்பை இன்றே நிரப்ப வேண்டா. மூன்று வாரம் கடந்தபின் நிரப்பி ஆசிரியரிடம் காட்டுக.