பேய்க் கதைக்கு உண்மையான ஊர் எதற்கு?

"ஒரு காட்டில் ஒரு பேய் இருந்தது" என்று தொடங்கும் கதை நம்மை அதிகம் பயமுறுத்துவதில்லை. அதே பேய் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில், கடைசி பஸ் போன பிறகு வந்தால் நமக்கு உடல் சிலிர்க்கும். நம்ப முடியாத ஒன்றை நம்பவைக்க, அதைச் சுற்றியுள்ளவை நமக்குத் தெரிந்தவையாக இருக்க வேண்டும். திகில் சித்திரக்கதைகள் உண்மையான நகரங்களைக் களமாகக் கொள்வது இதனால்தான்.

இத்தாலிய எழுத்தாளர் டிசியானோ ஸ்க்லாவி 1986இல் உருவாக்கிய 'டைலன் டாக்' இதற்கு நல்ல உதாரணம். அமானுஷ்ய வழக்குகளைத் துப்பறியும் டைலன், முன்பு ஸ்கொட்லண்ட் யார்டில் பணியாற்றியவர். அவரது வீடு லண்டன் கிரேவன் வீதியில், 7ஆம் இலக்கம். திகில் பட இயக்குநர் வெஸ் கிரேவனை நினைவூட்டும் பெயர் அது. ஆனால் லண்டனில் அப்பெயரில் வீதியும் உண்டு. சிவகாசியின் லயன்-முத்து காமிக்ஸ் டைலனைத் தமிழுக்கும் கொண்டுவந்தது.

வளர்ந்தோருக்கான 'ஹெல்பிளேசர்' 1988இல் தொடங்கியது. அதன் ஆரம்ப இதழொன்றில், 1987 பிரித்தானியப் பொதுத் தேர்தலின்போது லண்டனில் பிசாசுகள் மனித ஆன்மாக்களை வைத்து வியாபாரம் செய்கின்றன. எழுத்தாளர் ஜேமி டெலானோ அங்கே காட்டுவது மனிதரின் பேராசையைத்தான். பிசாசு அதற்கு ஒரு முகமூடி.

நம் கண்டியை வரைந்தால் எப்படி இருக்கும்? களங்களுக்குக் குறைவில்லை. 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைக்கத் தொடங்கிய வாவி உண்டு. 1876இல் ஆங்கிலேயர் கட்டி, 2014இல் மூடப்பட்ட போகம்பறை சிறைச்சாலை உண்டு. ஆனால் அந்தச் சிறையில் தூக்குமேடை இருந்தது. அங்கே உயிரிழந்தோரின் குடும்பத்தவர் நம் வாசகராகவும் இருக்கலாம்.

மணிக்கூட்டுக் கோபுரத்தையும் எண்ணிப் பார்ப்போம். விபத்தில் மகனை இழந்த ஹாஜி இஸ்மாயில், அவர் நினைவாக நகருக்கு அளித்த கோபுரம் அது. 1950இல் திறக்கப்பட்டது. அதன் உச்சியில் ஓர் ஆவியை வரைவது சுலபம். பிறகு சிறுவர்கள் அதைப் பேய்க் கோபுரம் என்பார்கள். ஒரு தந்தையின் துக்கமும் கொடையும் மறந்து போகும். கற்பனைப் பேய்க்கு வலிப்பதில்லை, உண்மையான இடத்துக்கு உரியவர்களுக்கு வலிக்கும்.

இத்தகைய கதைகளே வேண்டாம் என்று சில பெற்றோர் நினைக்கலாம். மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்வுக்கே உரியது என்பது நம் நம்பிக்கை. அதில் உறுதியாக நிற்பவர் கதையைக் கதையாகவே வாசிப்பார்.

வரைய விரும்பும் தோழியருக்கு என் யோசனை இது. முதலில் அந்த இடத்தின் வரலாற்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். வீதியும் மழையும் பஸ்ஸும் உண்மையாக இருக்கட்டும். பேய் குடியிருக்கும் வீட்டை மட்டும் நீங்களே கட்டுங்கள்.